நாலு நாற்காலியைப் போட்டால் பஸ் ஆகிவிடுமா?

அமெரிக்காவில் பிப்ரவரி பிறந்தால் கறுப்பின வரலாற்று மாதம். பல வகுப்பறைகளில் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு பஸ் ஆக்கிவிடுவார்கள். ஒரு சிறுமி ரோசா பார்க்ஸ், ஒரு பையன் டிரைவர், இன்னொருவன் போலீஸ். "எழுந்திரு" என்பான் அவன். "மாட்டேன்" என்பாள் இவள். கைதட்டல். பத்தே நிமிஷத்தில் நிறவெறி ஒழிந்து, மணியும் அடித்து, பிள்ளைகள் சாப்பிடப் போய்விடுவார்கள். கேட்டால் இதற்குப் பெயர் செய்து கற்றலாம்!

செய்தது என்ன, கற்றது என்ன?

கற்றது ஒரு பொய். களைத்துப்போன தையல்காரப் பெண் ஒருநாள் எழ மறுத்தார், நாடே மாறிவிட்டது என்ற பொய். 1955 டிசம்பர் 1 அன்று கைதானபோது ரோசா பார்க்ஸ் மான்ட்கமரியில் என்.ஏ.ஏ.சி.பி. கிளையின் செயலாளர், பல வருஷம் களத்தில் இருந்தவர். அதே ஊரில் அந்த வருஷம் மார்ச் 2 அன்றே, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி இடம் தர மறுத்துக் கைதாகியிருந்தார். பஸ்ஸில் நிறம் பார்த்து உட்கார வைப்பது செல்லாது என்று தீர்ப்பு வாங்கிய வழக்கின் வாதிகளில் கோல்வின் உண்டு, பார்க்ஸ் கிடையாது. நடிக்கிற பிள்ளைகளின் வயசுக்காரர்தான் கோல்வின். ஆனால் அவருக்கு அந்த பஸ்ஸில் ஸீட் இல்லை.

அதற்கப்புறம் நடந்த 381 நாள் பஸ் புறக்கணிப்பும் நாடகத்தில் வராது. ஏனென்றால் அது வசனம் இல்லாத வேலை, முக்கால்வாசி கணக்கு வேலை. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, மாணவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு இரவோடு இரவாக ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடித்தார். கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் டிக்கெட் விலையான 10 சென்ட்டுக்கே ஆள் ஏற்றினார்கள். உடனே நகர நிர்வாகம், குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியைத் தூசிதட்டி எடுத்தது. சரி என்று சுமார் 300 கார்களைத் திரட்டி, எந்த மூலையில் ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று அட்டவணை போட்டார்கள். சர்ச் வண்டிகளின் இன்சூரன்ஸ் ரத்தானது. லண்டன் லாயிட்ஸ் வரை போய்ப் பாலிசி வாங்கினார்கள். (காமர்ஸ்காரர்கள் கொஞ்சம் கவனிக்கவும்!) ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் சாப்பாடும் விற்றுப் பெட்ரோலுக்குக் காசு கொண்டுவந்தார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் வேலை போய்விடும், அதனால் அந்தக் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்றே பெயர்.

பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டியது இதைத்தான். ஊர் வரைபடம் ஒன்று, 300 கார், காலை ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குப் போகவேண்டிய ஆயிரக்கணக்கான பெண்கள். வழி போடுங்கள், பெட்ரோல் செலவு போடுங்கள். மூன்றாவது வாரம் டாக்ஸி போச்சு, இன்னொரு வாரம் இன்சூரன்ஸ் போச்சு. இப்போது என்ன செய்வீர்கள்? திணறட்டும். திணறினால்தான் அந்த ஒற்றை "மாட்டேன்" எத்தனை பேர் தோளில் நின்றது என்று புரியும்.

சின்னப் பிள்ளைகளால் இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகியிருக்கிறது. 1964-ல் மிஸிஸிப்பியில் சேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்ட வழக்கை, இல்லினாய் மாநிலத்தின் ஸ்டீவன்சன் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் மூன்று பேர் வரலாற்றுப் போட்டிக்கான ஆவணப்படமாக எடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட எட்கர் ரே கில்லனையே பேட்டி கண்டார்கள். பத்திரிகையாளர்களும் உள்ளூர்க்காரர்களும் ஏற்கெனவே கொடுத்துவந்த நெருக்கடியோடு இதுவும் சேர்ந்தது. 2005 ஜூன் 21 அன்று, கொலை நடந்து சரியாக 41 வருஷம் கழித்து, கில்லன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அவர் சிறையிலேயே 2018-ல் செத்தார்.

நியூ ஜெர்ஸியில் ஹைட்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்பு. தீர்க்கப்படாத பழைய இனக்கொலைகளின் கோப்புகளைக் கேட்டு மாணவர்கள் அரசுக்கு எழுதினார்கள். வந்த காகிதங்களில் வரிக்கு வரி கறுப்பு மை. வேறு பிள்ளைகளாக இருந்தால் அதையே சார்ட் பேப்பரில் ஒட்டி மார்க் வாங்கியிருப்பார்கள். இவர்கள், கோப்புகளைத் திறக்கச் சொல்லும் ஒரு சட்ட வரைவை எழுதினார்கள். வருஷக்கணக்கில் வாஷிங்டனுக்கு அலைந்தார்கள். ஒரு செட் பிள்ளைகள் படித்து முடித்துப் போக, அடுத்த செட் வந்து பிடித்துக்கொண்டது. 2019 ஜனவரியில் அது சட்டமானது.