சங்கிலியில் ஏற்றினால் சான்றிதழ் வந்துவிடுமா?

அடையாளச் சான்றுகளை, எழுதியதை அழிக்க முடியாத மின்னணு ஏட்டுச் சங்கிலியான பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் அதிகாரியின் தயவு தேவைப்படாது, போலிக்கு இடமிருக்காது, பெயரைச் சொல்லாமலே தகுதியை நிரூபிக்கலாம், ஒரு சங்கிலியில் பெற்ற சான்று எல்லாச் சங்கிலிகளிலும் செல்லும். தொழில்நுட்ப மாநாடுகளில் இந்த நான்கு வாக்குறுதிகளும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. பழங்குடி மக்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

வெறும் மேடைப் பேச்சு என்று இதை ஒதுக்கவும் முடியாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் ஏட்டாபள்ளியில், 65,000 சாதிச் சான்றிதழ்களை பாலிகான் என்ற பொதுச் சங்கிலியின் துணையோடு வழங்கும் திட்டம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு 2020-லேயே பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. மின் ஆளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற கட்டமைப்பையும், சான்றிதழ்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ள ‘இ-பெட்டகம்’ செயலியையும் கொண்டுவந்தது. ஆகவே இந்த வாக்குறுதிகளைப் பழங்குடியினர் வாழும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதே நியாயம்.

அதிகாரி தேவையில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். வெள்ளிமலையிலிருந்தோ சேராப்பட்டிலிருந்தோ ஒரு மாணவி கலந்தாய்வுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் கையில் எஸ்.டி. சான்றிதழ் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் மனு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொருவராக அறிக்கை, கடைசியில் ஆர்.டி.ஓ.வின் கையெழுத்து. தகப்பனுக்குச் சான்றிதழ் இருந்தால் பாதி வழி கடந்த மாதிரி. இல்லாவிட்டால் பழைய ஆவணம் கேட்பார்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலையில் தாத்தா காலத்துப் பத்திரத்துக்கு எங்கே போவது?

இந்த வரிசையில் பிளாக்செயின் எங்கே வருகிறது? ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போட்ட பிறகு. அதுவரை அந்த மாணவி படும் அலைச்சலில் ஒரு நாளைக்கூட அது குறைப்பதில்லை. ஏட்டாபள்ளியிலும் சான்றிதழைக் கொடுத்தது வருவாய்த் துறைதான். சங்கிலி அதைப் பதிந்து வைத்தது, அவ்வளவே.

கையெழுத்துக்கும் மேலே இன்னொன்று இருக்கிறது: பழங்குடியினர் பட்டியல். மலையாளி சமூகத்தைத் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் மட்டுமே அது பழங்குடி என்கிறது. தென் ஆற்காட்டிலிருந்து 1993-ல் விழுப்புரமும், விழுப்புரத்திலிருந்து 2019-ல் கள்ளக்குறிச்சியும் பிரிந்தாலும், பழைய எல்லைக்குள் இருப்பதால் கல்வராயன் மக்களுக்கு உரிமை நிற்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே சமூகத்தாருக்கு அந்த மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லாததால் சான்றிதழ் மறுக்கப்படுகிறது. அவர்கள் நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது சட்டத் திருத்தம். அதை எந்த மென்பொருளும் கொடுக்க முடியாது.

அடுத்தது போலி. கொடுத்த சான்றிதழில் பிறகு யாரேனும் ஓர் எழுத்தை மாற்றினால் பிளாக்செயின் காட்டிக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் கொடுக்கும்போதே பொய் நுழைந்திருந்தால் அந்தப் பொய்யையும் அதே உறுதியோடு காத்து நிற்கும். பழங்குடியினர் சான்றிதழ்களில் நடக்கும் பெரிய சண்டை எழுத்துத் திருத்தம் பற்றியதே அல்ல, மெய்த்தன்மை பற்றியது. மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழியில் அமைந்த மாநில கூர்நோக்குக் குழு, ஒருவரின் முன்னோர் ஆவணங்களையும் குடும்ப வழக்கங்களையும் துருவிப் பார்க்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகும் விசாரணை முடியாமல் ஓய்வூதியத்துக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. வழக்கங்களை வைத்துப் பார்க்கும் சோதனையை மட்டுமே உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்ல வேண்டி வந்தது. இவ்வளவு மனிதத் தீர்ப்பு கலந்த ஒன்றைக் கணினி நிரூபித்துவிடும் என்பது அந்த மக்களின் துன்பத்தை அறியாத பேச்சு.

பெயரை மறைக்கும் வாக்குறுதியில்தான் உண்மையான சரக்கு இருக்கிறது. ஒரு கூற்று சரி என்பதைத் தவிர வேறு எதையும் வெளிவிடாமல் அதை நிரூபிக்க முடியும் என்று கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் ஆகிய மூவரும் 1985-லேயே காட்டினார்கள். அந்தக் கணிதத்துக்கு பிளாக்செயின் தேவையே இல்லை. அதை நம் நாட்டு ஆதார் அட்டைக்குப் பொருத்தியது ‘அனான் ஆதார்’ என்ற திறமூல முயற்சி. எத்தேரியம் என்ற பொதுச் சங்கிலியின் அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்றில் உருவானது. ஆதார் க்யூஆரில் உள்ள, அட்டையை வழங்கும் ஆணையத்தின் மின் கையொப்பத்தைச் சரிபார்த்து, பெயரையும் முகவரியையும் மறைத்து, 18 வயது கடந்தவர், இன்ன மாநிலம், இன்ன பின்கோடு என்பதை மட்டும் சொல்ல அதனால் முடியும். அருமையான வேலை.

ஆனால் அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். சான்றை உருவாக்க அந்த க்யூஆர் போதும். அட்டைக்குரியவர் எதிரில் இருக்க வேண்டியதில்லை. சிம் வாங்க, கடன் வாங்க, அறை எடுக்க என்று ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வரும் ஊரில் இது சின்ன ஓட்டை அல்ல. ஒரே ஆள் இரண்டு முறை வராமல் தடுக்க, க்யூஆரில் உள்ள புகைப்படத் தரவிலிருந்து ஒரு மறை எண்ணை அது கணக்கிடுகிறது. அந்தத் தரவை வைத்திருக்கும் எவரும் அதே எண்ணைக் கணக்கிட்டு ஆளை அடையாளம் காண முடியும். அட்டையில் புகைப்படத்தைப் புதுப்பித்தவரோ புதிய ஆளாகத் தோன்றுவார்.

இதைவிட எளிய ஆபத்து மலையிலேயே இருக்கிறது. சென்னைப் பின்கோடு ஒன்றில் 18 வயது கடந்த பெண் என்றால் பல்லாயிரம் பேரில் ஒருத்தி. கல்வராயன் மலையிலிருந்து மருத்துவம் படிக்கப் போன பழங்குடிப் பெண் என்றால் பெயரே வேண்டாம், பேருந்து நடத்துநருக்குக்கூட யாரென்று தெரியும். சிறு கூட்டத்துக்குள் மறைவது கடினம். ஒருவரின் பெயர், ஊர், சாதி ஆகியவற்றை மட்டும் சுருக்கக் குறியீடாக்கிப் பொதுச் சங்கிலியில் போட்டால், விவரங்களை ஊகித்துப் பொருத்திப் பார்ப்பதும் எளிது. அழிக்க முடியாத ஏட்டில் சாதி ஏறிவிட்ட பிறகு 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் அழிப்புரிமையை எங்கே போய்க் கேட்பது?

எல்லாச் சங்கிலியிலும் செல்லும் என்பது கடைசி வாக்குறுதி. எத்தேரியத்திலும் பாலிகானிலும் ஒரே சரிபார்ப்பு நிரலை நிறுவலாம், ஆகவே சான்று இரண்டிலும் செல்லும் என்பது சரி. செல்லாதது நினைவு. கல்வி உதவித்தொகையை ஒரு சங்கிலியில் வாங்கியாயிற்று என்பது அடுத்ததற்குத் தெரியாது. ரத்தான சான்றிதழ் இங்கே செல்லாது, அங்கே செல்லும். இதைச் சரிசெய்யச் சங்கிலிகளுக்கு இடையே பாலம் கட்டுகிறார்கள். 2022 மார்ச்சில் ரோனின் என்ற அத்தகைய பாலத்தின் ஒன்பது சாவிகளில் ஐந்தைக் கைப்பற்றியவர்கள் 60 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோனார்கள். திருடுபோன பணத்தை யாராவது ஈடுகட்டலாம். கசிந்த அடையாளத்தை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் பெயர் சொல்லாச் சான்றைக் கைவிடச் சொல்வதற்கில்லை. சாதியை வகுப்பறையில் அறிவிக்காமல் ‘உதவித்தொகைக்குத் தகுதி உண்டு’ என்று மட்டும் காட்ட முடிவது ஒரு மாணவிக்குப் பெரிய கண்ணியம். அதற்குத் தேவை, ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியாகக் காட்ட இடம்தரும் மின் கையொப்பம். அந்த வகைச் சான்றுகளுக்கு உலகளாவிய இணையக் கூட்டமைப்பான டபிள்யூ3சி 2019-லேயே தர விதிகளை வெளியிட்டுவிட்டது. இ-பெட்டகத்தில் இதைச் சேர்க்கலாம். பொதுச் சங்கிலி ஒன்றும் வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய வேலை வேறு. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அங்கே பேசப்பட்டவற்றோடு சான்றிதழும் சேர வேண்டும். ஆர்.டி.ஓ. வெள்ளிமலையில் வந்து உட்கார்ந்து முகாம் நடத்தட்டும். மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். அண்ணனுக்குக் கொடுத்த சான்றிதழை வைத்துத் தங்கைக்கும் கொடுக்கட்டும்.