'வாயைக் கட்டு' என்பது வைத்தியம் அல்ல

எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டு ஊர் திரும்புகிறவரிடம் நம்ம ஆட்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, "நடந்து குறைக்க முடியாம வயித்த அறுத்துக்கிட்டியா?" இன்னொன்று, "அதான் அறுத்தாச்சே, இனிமே வாயக் கட்டிக்கிட்டா போதும்." முதலாவது வெறும் கேலி, காதில் வாங்காமல் போய்விடலாம். இரண்டாவதை டாக்டர்களும் சொல்கிறார்கள், உறவுக்காரர்களும் சொல்கிறார்கள். அதோடுதான் எனக்குச் சண்டை.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பாகத்தை, சில நேரம் அதற்கும் மேல், வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் சுரப்பது இப்படி வெட்டி எடுக்கப்படும் மேல்பகுதியில். அதனால் பலருக்கு ஆரம்ப வாரங்களில் வயிற்றுப் பசி அடங்கித்தான் கிடக்கும். ஆனால் அமிலம் எரிந்தால் அது பசி மாதிரியே தெரியும். தண்ணீர் பத்தாமல் போனாலும் அப்படித்தான். இதுபோக, இருபது முப்பது வருஷம் பழகிய நேரப் பசி இருக்கிறது. சாயங்காலம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டால் போதும், வயிறு இல்லாவிட்டாலும் மண்டைக்குப் பசிக்கும். இந்த மூன்றும் வேறு வேறு. எரிச்சலுக்கு மாத்திரை, தாகத்துக்கு மடக்கு மடக்காகத் தண்ணீர், மண்டைப் பசிக்குப் பேச ஓர் ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. மூன்றுக்கும் சேர்த்து 'வாயைக் கட்டு' என்பது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே தைலம் தேய்ப்பது மாதிரி.

அடுத்து அந்த டயட் சார்ட். முதலில் தெளிந்த திரவம், பிறகு கெட்டித் திரவம், மசித்தது, மென்மையானது, ஒன்றரை இரண்டு மாதத்தில் சாதாரணச் சாப்பாடு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் போக வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அச்சடித்த தாளில் பல நேரம் கிரீக் யோகர்ட், வே புரோட்டீன், கிளியர் சூப். ஆண்டிமடத்தில் எந்த மளிகைக் கடையில் போய்க் கேட்பது?

இந்த இடத்தில் நம்ம பாரம்பரிய உணவுப் பிரியர்கள் குதித்து வருவார்கள்: "கம்பங்கூழ் குடிங்க, கேப்பக்கூழ் குடிங்க, பருப்புத் தண்ணி போதும்." போதாது. கூழில் பெரும்பகுதி மாவுச்சத்து. நூறு மில்லி மட்டுமே பிடிக்கும் வயிற்றைக் கூழால் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடம் ஏது? பருப்பை அடியில் விட்டுவிட்டு மேலே தெளிந்ததை எடுத்தால் அதில் புரதம் கொஞ்சம்தான். முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால்பவுடரில், பொட்டுக்கடலை மாவில், மசித்த மீனில் இருக்கிறது. பெரம்பலூர் மக்காச்சோளம் கோழித் தீவனமாகப் போய் முட்டையாகத் திரும்பி வருகிற ஊர் இது. எந்த வாரத்தில் எது, எத்தனை ஸ்பூன் என்று இந்த ஊர்ச் சாமான்களை வைத்துத் தமிழில் எழுதித் தர ஒரு மணி நேரம் ஆகுமா? அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் ஆள் இல்லை.

ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பெண் அறுவை முடிந்து வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வாரம் அடுப்படிக்குப் போயாக வேண்டும். தாளிக்கும் வாசனையில் நின்றுகொண்டு, உப்பு பார்க்காமல் குழம்பு வைத்து, எல்லாருக்கும் பரிமாறி, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை வழக்கம்போல வாயில் போட்டுவிடாமல் கொட்ட வேண்டும். அப்புறம் மாமியார், "ஒரு வாய் தின்னா என்னாயிடப் போவுது?" என்பார். மறுவாரம் காதுகுத்து, கெடாவெட்டு. இலையில் உட்காராவிட்டால் மரியாதைக் குறைச்சல். நாலு வாய் சாப்பிட்டு வாந்தி எடுத்தால், "சொன்னா கேக்குறாளா?" தப்பெல்லாம் அவர் வாய்மேல்.

இங்கேதான் உயிர்ப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் உடம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். அதைச் சேர்த்துவைக்க உடம்பில் பெரிய கிடங்கு கிடையாது, சில வாரத்துக்குத்தான் தாங்கும். அது இல்லாமல் போனால் மூளை பாதிக்கும்: கண் அலைபாயும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். நம்ம ஊரில் வாந்திக்கு முதல் வைத்தியம் என்ன? "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்." தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் பாதிப்பு இன்னும் முற்றக்கூடும். இதைச் சொல்லி அனுப்பாத ஆபரேஷன், பாதி ஆபரேஷன். வாயைக் கட்டாத குற்றவாளி என்று ஊரே சொன்ன ஒருவர், வாந்தியை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு எத்தனை நாள் மறைப்பார் என்று யோசியுங்கள்.

2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்குப் போன ஓர் இளைஞர் இறந்தார். நாமெல்லாம் கொதித்தோம். பேச்சு முழுக்க ஆபரேஷன் மேஜையைப் பற்றித்தான் இருந்தது. மேஜையிலிருந்து பத்திரமாக இறங்கி, சென்னையிலிருந்து 250 கிலோமீட்டர் தாண்டி வேப்பந்தட்டைக்கோ செந்துறைக்கோ பஸ் ஏறுகிறவரைப் பற்றி யார் பேசினோம்? உடல் நிறை குறியீட்டெண் 40க்கு மேல் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து கடுமையான துணைநோயும் இருந்தால், இந்த அறுவையைக் காப்பீட்டிலிருந்து ஒதுக்க முடியாது என்று 2019இல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் சொல்லிவிட்டது. நல்லது. அறுவைக்குப் பணம் வரும். ஆயுசு முழுக்க விழுங்க வேண்டிய பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனைகளும் பெரும்பாலும் கைக்காசு.

காசில்லாமல் செய்ய முடிகிறவற்றைச் சொல்கிறேன். அரியலூரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் வாரம் ஒரு நாள், எங்கே அறுவை செய்திருந்தாலும் வந்து பார்க்கலாம் என்று ஓர் உணவியலாளரை உட்கார வையுங்கள். அறுத்த மருத்துவமனை ஒரு வருஷத் தொடர்கவனிப்புக்கு எழுத்தில் பொறுப்பேற்கட்டும். 'விடாத வாந்தி என்றால் தயமின் முதலில்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த அட்டை ஒன்று நோயாளி பையில் இருக்கட்டும்.

மணிமேகலையில் காயசண்டிகை என்று ஒருத்தி வருவாள். எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் அவளுக்கு. ஒரு முனிவரின் பழத்தை மிதித்துவிட்டதற்குக் கிடைத்த சாபம். தப்பு அவள்மேல்தான் என்று வாதாட இடம் உண்டு. மணிமேகலை அதை விசாரித்துக்கொண்டிருக்கவில்லை, முதலில் சோறு போட்டாள். பசியைப் பிணி என்று சொன்ன மொழி இது. அதே மொழியில் நாம் ஒரு நோயாளியைப் பார்த்து, "உனக்குக் கட்டுப்பாடு இல்ல" என்கிறோம்.

அடுத்த முறை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் வந்தால் "வாயைக் கட்டு" என்று சொல்லாதீர்கள். "இன்னைக்கு வாந்தி எடுத்தீங்களா? தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?" என்று கேளுங்கள்.