ஜினா சட்டம் என்றால் என்ன? புகார் கொடுத்த பெண்ணே பாகிஸ்தானில் குற்றவாளியானது எப்படி?

பாலியல் வன்கொடுமை நடந்ததாகப் புகார் கொடுக்கப் போன பெண் மீதே வழக்கு பாயும். பாகிஸ்தானில் 27 ஆண்டுகள் இதுதான் நிலைமை. காரணம், 1979-ல் கொண்டுவரப்பட்ட 'ஜினா' அவசரச் சட்டம். 2006-ல்தான் இது திருத்தப்பட்டது. இஸ்லாமியச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? சிக்கல் எங்கே வந்தது?

ஜினா என்றால் என்ன?

கணவன் மனைவி அல்லாத ஆணும் பெண்ணும் உடலுறவு கொள்வதுதான் ஜினா. திருமணத்துக்கு முந்தைய உறவும் இதில் வரும், திருமணத்தை மீறிய உறவும் வரும்.

திருக்குர்ஆனின் 24-வது அத்தியாயம் இதற்கு 100 கசையடி என்கிறது. திருமணமானவர்களைக் கல்லெறிந்து கொல்லும் தண்டனை குர்ஆனில் இல்லை. நபிமொழிகளான ஹதீஸ்களை வைத்துச் சட்ட அறிஞர்கள் வகுத்தது அது. பலவந்தப்படுத்தப்பட்ட பெண்ணுக்குத் தண்டனை கிடையாது.

எதற்கு 4 சாட்சிகள்?

ஜினாவை நிரூபிக்க, குற்றவாளி தானாக ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், நேரில் பார்த்த 4 ஆண் சாட்சிகள் வேண்டும். மூடிய அறையில் நடப்பதை 4 பேர் பார்ப்பது நடக்கிற காரியமா? அதனால்தான் இந்த நிபந்தனை. 4 சாட்சிகள் இல்லாமல் ஒரு பெண் மீது பழி போட்டால், போட்டவருக்கு 80 கசையடி என்கிறது அதே அத்தியாயம்.

கர்ப்பம் ஆதாரம் ஆகுமா?

இங்கேதான் கருத்து வேறுபாடு. திருமணமாகாத பெண்ணின் கர்ப்பத்தை மாலிக்கி சட்டப்பிரிவு ஆதாரமாக ஏற்கிறது. ஹனஃபி, ஷாஃபி பிரிவுகள் ஏற்பதில்லை. மாலிக்கி பிரிவைப் பின்பற்றும் வடக்கு நைஜீரியாவில், 2002-ல் விவாகரத்தான ஒரு பெண்ணுக்குக் கல்லெறி தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணையில் குறைபாடுகள் இருந்ததால், 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

பாகிஸ்தானில் என்ன ஆச்சு?

ராணுவ ஆட்சியாளர் ஜியா-உல்-ஹக், பாலியல் வன்கொடுமையையும் ஜினா சட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார். அதற்கு உச்சபட்ச தண்டனை வாங்கித் தரவும் 4 சாட்சிகள் தேவைப்பட்டார்கள். வன்கொடுமை நிரூபணம் ஆகவில்லை என்றால் பிரச்சனை அத்தோடு முடியவில்லை. 'உறவு நடந்ததை நீயே சொல்லிவிட்டாய்' என்று பெண் மீது வழக்கு திரும்பியது.

1983-ல் பார்வைக் குறைபாடுள்ள ஓர் இளம்பெண்ணுக்கு நடந்தது இதுதான். குற்றம்சாட்டப்பட்ட ஆண்கள் ஆதாரம் இல்லை என்று விடுதலை ஆனார்கள். கர்ப்பமாகியிருந்த அந்தப் பெண்ணுக்கோ 3 ஆண்டு சிறை, 15 கசையடி. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. பிறகு மத்திய ஷரியத் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

2006-ல் என்ன மாறியது?

பாலியல் வன்கொடுமை மீண்டும் பொதுக் குற்றவியல் சட்டத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு 4 சாட்சிகள் தேவையில்லை. வன்கொடுமைப் புகாரை ஜினா வழக்காகத் திருப்பவும் முடியாது. ஜினா புகார் என்றால், 4 சாட்சிகளோடு நேரடியாக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் ஜினா இன்னும் குற்றம்தான். திருமணமாகாத இருவர் சம்மதத்தோடு உறவு கொண்டாலும், 5 ஆண்டு வரை சிறை என்ற பிரிவை அதே 2006 சட்டம்தான் சேர்த்தது.