ரயில் ஓடிய தடத்தில் சைக்கிள் மணி! - ஊரே காப்பாற்றிய 21 கி.மீ பாதை

இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கு இடையே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1960-களில் பயணிகள் சேவை நின்றுபோனது. அதன்பின் தடம் சும்மா கிடந்தது.

1977-ல் பிரிஸ்டலில் சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் 'சைக்கிள்பேக்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 'இந்தத் தடத்தில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாமே' என்று யோசித்தார்கள். யோசித்ததோடு நிற்கவில்லை. 1979-ல் பாத், பிட்டன் இடையே தன்னார்வலர்களே களமிறங்கி முதல் பகுதியைப் போட்டார்கள். 1986-ல் இரு நகரங்களும் முழுமையாக இணைந்தன. மொத்தம் 13 மைல், அதாவது சுமார் 21 கி.மீ.

ரயில் தடம் என்பதால் செங்குத்தான மேடு இல்லை. குழந்தைகள், முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லோருக்கும் வசதி. வழியில் ஸ்டேபிள் ஹில்லில் விளக்கு போட்ட பழைய சுரங்கப்பாதை; பிட்டன் பக்கம் வந்தால் நீராவி ரயிலையும் பார்க்கலாம்!

2008-ல்தான் சோதனை வந்தது. பாதையின் ஒரு பகுதியில் விரைவு பஸ் விடலாம் என்று திட்டம் போட்டார்கள். நெரிசலைக் குறைக்க பஸ்ஸும் தேவைதான். ஆனால், வண்டி பயமின்றிப் பிள்ளைகள் போய்வரும் பாதையை அதற்காக விட்டுக்கொடுக்க மக்கள் தயாராக இல்லை. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள், போராட்டமும் நடந்தது. கடைசியில் திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

பாதையைப் போட்டது ஒரு சிறிய குழு. காப்பாற்றியது, தினமும் அதில் போய்வந்த ஊர் மக்கள்.

உங்கள் ஊரில் இப்படிச் சும்மா கிடக்கும் பாதை ஏதாவது இருக்கிறதா?