பிழைகாணும் கருவிக்கு நம் எழுத்தைக் கற்பிப்போம்



நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சேந்தமங்கலத்தின் பெயரில் எத்தனை எழுத்துகள்? சே, ந், த, ம, ங், க, ல, ம் என்று எண்ணி, எட்டு என்பீர்கள். உங்கள் தமிழாசிரியரும் அதைச் சரி என்பார். ஆனால் பைத்தான் மொழியில் இப்பெயரின் நீளத்தைக் கேட்டால் 12 என்று விடை வரும். யூடிஎஃப்-8 முறையில் அதைச் சேமித்தாலோ 36 பைட் இடம் பிடிக்கும். இம்மூன்று விடைகளும் சரியானவையே.

யூனிகோடு முறையில் 'சே' என்பதற்குத் தனி எண் கிடையாது. 'ச' என்பதற்கு ஓர் எண். அதன் ஏகாரக் குறிக்கு இன்னோர் எண். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனி எண் உண்டு. ஆகவே எட்டு எழுத்துகள் பன்னிரண்டு எண்களாகின்றன. ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று பைட் வீதம் 36 ஆகிறது.

இதனால் என்ன தொல்லை என்று கேட்கலாம். ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப்பெயருக்கு 11 எண்களுக்கு மட்டும் இடம் ஒதுக்கினால், 'சேந்தமங்கலம' என்று கடைசிப் புள்ளியை இழந்து பெயர் நிற்கும். பிழை எங்கே என்று தேட வேண்டியவர் நிரல் எழுதியவர்தாம். அவருக்குத் துணை செய்வது டிபக்கர் என்னும் பிழைகாணும் கருவி. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி, அந்நேரத்தில் அதனுள் என்னென்ன மதிப்புகள் உள்ளன என்று அது காட்டும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் எழுதிய குனு டிபக்கர் இவ்வகையில் புகழ்பெற்றது.

தனி எண் ஒன்றைக் காட்டுவது எளிது. பட்டியல், அகராதி, எழுத்துச்சரம் போன்ற கட்டமைந்த மதிப்புகளைக் காட்டுவதுதான் கடினம். முன்பெல்லாம் சி பிளஸ் பிளஸ் மொழியின் பட்டியல் ஒன்றைக் காட்டச் சொன்னால், நினைவக முகவரிகளும் உள் உறுப்புகளும் வந்து குவியும். பட்டியலில் உள்ள மதிப்புகளை அவற்றினிடையே தேட வேண்டும். 2009-இல் வந்த குனு டிபக்கரின் 7.0 பதிப்பு இதற்கு நல்ல வழி செய்தது. காட்டும் விதத்தைப் பயனாளரே பைத்தான் மொழியில் எழுதிச் சேர்க்கலாம் என்றது. அவர் சொல்ல வேண்டியவை மூன்றே: இம்மதிப்பை ஒரு வரியில் எப்படிக் காட்டுவது? இதனுள் அடங்கியவை எவை? இது பட்டியலா, அகராதியா, எழுத்துச்சரமா?

"கருவி உள்ளதை உள்ளபடி காட்டினால் போதாதா? அழகுபடுத்துவது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இக்கருத்து எனக்கு உடன்பாடன்று. பைட் என்பதே மின்னழுத்த நிலைகளுக்கு மனிதன் கொடுத்த விளக்கந்தான். 36 பைட்களை வரிசையாகக் காட்டினால் அதில் புள்ளி போன இடத்தை யார் கண்டுபிடிப்பார்? சே, ந், த, ம என்று எழுத்தெழுத்தாகக் காட்டினால் பள்ளி மாணவரும் கண்டுபிடிப்பார்.

ஆயினும் அவர்கள் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. சேந்தமங்கலத்தை அடுத்துள்ள கொல்லிமலையின் பெயரைப் பாருங்கள். 'கொ' என்பதை 2965, 3018 என்ற இரண்டு எண்களாலும் எழுதலாம். கொம்பையும் காலையும் பிரித்து 2965, 3014, 3006 என்ற மூன்று எண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இரண்டும் சமமா என்று பைத்தானிடம் கேட்டால் இல்லை என்கிறது! ஒருவர் ஒருவிதமாகப் பதிந்த ஊர்ப்பெயரை மற்றவர் வேறுவிதமாகத் தேடினால் அது கிடைக்காமல் போகக்கூடும். எழுத்தை மட்டும் காட்டும் கருவி இந்தப் பிழையை மறைத்துவிடும்.

உழவர் தம் நிலத்தைக் 'கிணற்றடிக் காடு' என்கிறார். பட்டாவில் அதற்குப் புல எண் இருக்கிறது. உழவு வேலைக்குப் பெயர் போதும். வரப்புத் தகராறு வந்தால் புல எண் வேண்டும். டிபக்கரிலும் இரண்டும் வேண்டும். குனு டிபக்கரில் காட்டும் கட்டளையுடன் ஒரு சிறு குறியைச் சேர்த்தால், அழகுபடுத்தாத மூல வடிவம் வரும். இந்தக் கதவு எக்கருவியிலும் திறந்தே இருக்க வேண்டும்.

எழுத்துச்சரம் ஒன்றைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துக் காட்டி, கேட்டால் அதன் எண்களையும் காட்டும் சிறு நிரலை யார் எழுதுவது? எங்கோ இருந்து டிபக்கரை ஆக்கியவர்களுக்கு ஒற்றும் உயிர்மெய்யும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அதனால்தான் அவர்கள் வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 247 எழுத்துகளையும் சிறுவயதிலேயே கற்றவர்கள் நீங்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தானும் இருக்கிறது. உங்கள் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குங்கள். அதை முதலில் கையால் எண்ணுங்கள். பிறகு கணிப்பொறியை எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் வேறுபட்டால் ஏன் என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் எழுத வேண்டிய நிரலின் முதல் விதி அதிலிருந்தே கிடைக்கும்.