நெஞ்சு படபடப்பா? விமானம் ஏறலாமா?

தோல் வியாபாரத்துக்கோ, பிள்ளையைப் பார்க்கவோ வெளிநாடு போகவேண்டும். ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு! அமிர்தி முதல் ஆம்பூர் வரை பலருக்கும் இந்தக் கவலை உண்டு.

பறக்கும் விமானத்துக்குள் காற்று, 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல் மெலிந்திருக்கும். கிட்டத்தட்ட ஊட்டிதான்! துடிப்பு கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலோர் பறக்கலாம். மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் டிக்கெட்டைத் தள்ளிவைத்து டாக்டரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதற்கான அட்டையைச் சோதனையின்போது காட்டவேண்டும். சோதனைக் கருவியை நெஞ்சின்மேல் பிடித்து நிறுத்தக்கூடாது.

பலர் கோட்டை விடுவது மாத்திரையில்! பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அமிர்தியிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரவே பல மணி நேரம், அங்கேயும் காத்திருக்கவேண்டும். வேளை தவறினால் வம்புதான். மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும்!