ஆங்கிலத்தில் 'நீங்கள்' எங்கே?

மரியாதையைச் சொல்லின் ஈற்றில் வைத்துப் பேசும் மொழி தமிழ். நண்பனிடம் 'அனுப்பு' என்போர் ஆசிரியரிடம் 'அனுப்புங்கள்' என்பர். தில்லியிலும் போபாலிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இந்தியிலும் இதனையே காண்கின்றனர். 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மூன்று படிகளுக்கேற்ப வினைச்சொல்லும் 'பேஜ்', 'பேஜோ', 'பேஜியே' என மாறுகின்றது. இவ்விரு மொழிகளிலும் பழகிய பிள்ளைகள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது தடுமாறுகின்றனர். அங்கே எல்லார்க்கும் 'யூ' ஒன்றே.

இதுகொண்டு ஆங்கிலம் மரியாதை அறியாத மொழி என்று கூறுவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. 'யூ' என்பது முற்காலத்தில் பன்மைச் சொல். ஒருவரைச் சுட்டுவதற்குத் 'தௌ' என்னும் வேறொரு சொல் இருந்தது. மதிப்பிற்குரிய ஒருவரையும் பன்மையால் அழைக்கும் வழக்கம் பரவப் பரவத் 'தௌ' பொது வழக்கிலிருந்து மறைந்தது. ஒருவரைப் பன்மையால் குறிக்கும் இத்தகைய வழக்கைத் தொல்காப்பியமும் கூறுகின்றது. ஆகவே, ஆங்கிலம் பேசுவோர் எல்லாரையும் 'நீ' என்கின்றனர் என்பதைவிட, எல்லாரையும் 'நீங்கள்' என்கின்றனர் என்பதே உண்மைக்கு அருகில் நிற்கும். வீட்டு நாயும் இதற்கு விலக்கன்று!

ஆனால், எல்லார்க்கும் பொதுவாகிவிட்ட சொல் எவர்க்கும் தனி மதிப்பைத் தருவதில்லை. எனவே, ஆங்கிலத்தில் மரியாதையைப் பெரும்பாலும் வாக்கிய அமைப்பிலேயே தேட வேண்டியுள்ளது. மாணவர் ஒருவர் நூலகருக்கு மின்னஞ்சல் எழுதுவதாகக் கொள்க. 'அந்த நூலை அனுப்புங்கள்' என்று தமிழில் எண்ணி, 'சென்ட் மீ த புக்' என்று அவர் எழுதுகின்றார். 'ங்கள்' என்னும் ஈறு வழியில் உதிர்ந்துவிட்டது, எஞ்சியது கட்டளை. அம்மாணவரின் உள்ளத்தில் இருந்த பணிவை நூலகர் எவ்வாறு அறிவார்? 'ப்ளீஸ்' சேர்த்தால் கட்டளை சற்று மென்மையாகும். ஆயினும் அது கட்டளையே. 'வுட் யூ சென்ட் மீ த புக்?' என்று வினாவாக்கிவிட்டால் நிலைமை மாறுகின்றது. 'இப்போது இயலாது' என்று விடை கூறுவதற்கு நூலகருக்கு இடம் கிடைக்கின்றது. மறுப்பதற்கு இடம் விட்டுக் கேட்பதே ஆங்கிலத்தின் பணிவு.

இதனை அறியாதவர் நடையின் மேன்மையைக் கனத்த சொற்களில் தேடுகின்றனர். இந்தியப் பள்ளிகளில் எழுதப்படும் விடுப்புக் கடிதங்களே இதற்குச் சான்று. 'ஐ பெக் டு ஸ்டேட்', 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்பன ஆங்கிலேயர் ஆட்சிக்கால அலுவலக நடையின் எச்சங்கள். பிரிட்டனிலேயே அந்நடைக்கு எதிர்ப்பு எழுந்தது. அந்நாட்டு நிதித்துறையின் வேண்டுகோளுக்கு இணங்கி சர் எர்னஸ்ட் கௌவர்ஸ் எழுதிய 'ப்ளெய்ன் வேர்ட்ஸ்' என்னும் நூல் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. எளிய, பழகிய சொற்களையே ஆளுமாறு அது அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. இங்கோ 'பெக்' இன்னும் சில கடிதங்களில் வாழ்கின்றது. அச்சொல்லின் பொருள் இரத்தல். காய்ச்சலால் ஒருநாள் பள்ளிக்கு வர இயலாத பிள்ளை எவரிடமும் எதனையும் இரக்க வேண்டுவதில்லை. காரணத்தைக் கூறி, விடுப்பை வேண்டி, நன்றி தெரிவித்தால் போதும். பணிவு வேறு, தாழ்வு வேறு.

'டியர் சர்' என்று தொடங்கவும் சிலர் தயங்குவர். தலைமையாசிரியரை 'அன்பே' என்று விளிப்பதுபோல் அவர்களுக்குத் தோன்றும். கடிதத் தொடக்கத்தில் வரும் 'டியர்' அன்பைக் குறிப்பதன்று. அது வெறும் மரபு.

முறைசார்ந்த நடை எவ்விடத்தும் பாதுகாப்பானது என்பாரும் உண்டு. அவர்தம் கருத்தும் ஏற்கத்தக்கதன்று. நெருக்கமானவரிடம் அந்நடை விலகலையே காட்டும். மாலையில் கிரிக்கெட் ஆட வருமாறு நண்பனை அழைக்கும் ஒருவர், 'ஐ வுட் பி கிரேட்ஃபுல்' என்று தொடங்கி எழுதிப் பார்க்கட்டும். அந்நண்பன் ஆட்டத்திற்கு வருமுன், "என்மேல் என்னடா கோபம்?" என்றுதான் கேட்பான்.